வருத்தக்காரரின்ர வீட்டுக்கு ஆர் போறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாசம் உங்கட பேப்பரில ஒரு வாசகர் எழுதியிருந்தவர், பஸ் ஸ்டாண்டிலயும் கடைத்தெருவிலயும் மனநிலை குழம்பின ஆக்கள் திரியினம், யாவாரம் செய்யேலாமக் கிடக்கு, கொழும்பில அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற மாதிரி வடக்குக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டி இவையளை அதுக்குள்ள கொண்டுபோய் விடவேணும், வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களிட்டக் கேட்டா காசு சேர்ந்திடும் எண்டு. கோவத்தில எழுதினவர் எண்டாலும் ஆளில பிழை சொல்லமாட்டன், கடை வாசலில ஒருத்தர் நாள் முழுக்க நிண்டு தனக்குள்ள கதைச்சுக்கொண்டு நிண்டா எவருக்கும் எரிச்சல் வரும். ஆனா அவர் கேட்ட மருந்து பிழையான மருந்து, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீண்டு போச்சு, வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை, நடுவில இருக்கிற விசயத்தை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ.

நான் வடமராட்சியில இருக்கிறன். கூட்டுறவுச் சங்கத்தில கணக்கு எழுதி ஓய்வெடுத்தவள். என்ர அண்ணைக்கு கம்பஸில படிக்கிற வயசில துவங்கின வருத்தம், இப்ப அவருக்கு அறுபது தாண்டீட்டுது, ஸ்கிசோஃப்ரினியா, மனச்சிதைவு எண்டு டொக்டர்மார் சொல்லுவினம், கிளினிக் கொப்பியிலயும் அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு. அம்மா இருக்குமட்டும் அம்மா பார்த்தவா, இப்ப நான் பார்க்கிறன்.

பெரிய ஆஸ்பத்திரி எண்டா என்ன எண்டு எங்களுக்குத் தெரியாததில்லை. அங்கொடையில கட்டடம் எழும்பினது 1920களில. ஒரு காலத்தில அங்க கொண்டுபோய் விட்ட ஆக்களில எத்தினையோ பேர் வருத்தம் குறைஞ்ச பிறகும் வீடு திரும்பேல்லை, கூட்டிக்கொண்டு போக ஒருத்தரும் வரேல்லை, சில பேர் சேர்க்கேக்கயே பிழையான விலாசம் குடுத்திட்டுப் போயிருப்பினம், அதுக்குப் பிறகு உள்ளயே கிழடாகி உள்ளயே செத்துப் போனவை. இந்த நாட்டு மனநோய்ச் சட்டமே 1873இல வெள்ளைக்காரன் போட்டது, அதைத்தான் அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம் திருத்தி வச்சுக்கொண்டிருந்தவை. எங்கட பக்கத்தில இருந்து ஒருத்தரை அங்க கொண்டுபோறதெண்டா இன்னும் கஷ்டம், பாஷை தெரியாது, சண்டைக் காலத்தில ஊரை விட்டு வெளியில போகப் பாஸ் எடுக்கவேணும், போய்ப் பார்த்திட்டு வர ரெண்டு மூண்டு நாள் பிடிக்கும். 1990 இடப்பெயர்வோட தெல்லிப்பழையில இருந்த உளநலப் பிரிவும் ஓடத்தான் வேண்டி வந்தது. அந்த நேரம் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போல விரல்விட்டு எண்ணக்கூடிய டொக்டர்மார் இருந்தவை, அவை கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கேல்லை, ஊர் மட்டத்தில வேலை செய்யிற ஆக்களுக்கும் ஆசிரியர்மாருக்கும் பயிற்சி குடுத்து அவையைக் கொண்டு வேலை செய்விச்சவை. இல்லாத காலத்தில செய்த அந்த வேலையை, ரோட்டும் கரண்டும் வாகனமும் வந்த காலத்தில ஏன் செய்யேலாது எண்டுதான் நான் கேக்கிறன்.

ஆஸ்பத்திரி வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆள் நித்திரையில்லாம, சாப்பாட்டுக்குள்ள நஞ்சு போட்டிட்டினம் எண்டு கோப்பையை எறியிற நேரம் வார்ட் வேணும், நல்ல வார்ட் வேணும். யாழ் போதனாவிலயும் தெல்லிப்பழையிலயும் மந்திகையிலயும் பிரிவுகள் இருக்கிறது எங்களுக்குப் பெரிய விசயம். ஆனா அது ரெண்டு மூண்டு கிழமை வேலை. மிச்ச வருசம் முழுக்க ஆள் எங்க இருக்கிறார்? வீட்டில, கிணத்தடியில, வேலியோரத்தில. அங்க ஆர் வருகினம்? உலகம் முழுக்க அரசாங்கங்கள் சுகாதாரத்துக்கு ஒதுக்கிற காசில ரெண்டு சதவீதம் மட்டில்தான் உளநலத்துக்குக் குடுக்குதுகள், அதிலயும் பெரும்பங்கு பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகளுக்குப் போகுது எண்டு உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லுது. இருக்கிறதே அவ்வளவு, அதையும் சுவருக்குக் குடுத்தா மனுசருக்கு என்ன மிஞ்சும்.

கிளினிக் நாள் எப்பிடி எண்டு தெரியாத ஆக்களுக்காகச் சொல்லுறன். விடிய எழும்பி அண்ணையைக் குளிக்க வார்த்து, சேர்ட் போடப் பண்ணி (அந்த நீலச் சேர்ட்தான் வேணும் எண்டு நிப்பார், அது தோய்ச்சுக் காயாட்டி அண்டைக்குப் பயணமில்லை), முதல் பஸ்ஸில போய் நம்பர் எடுக்கவேணும். பஸ்ஸில அவர் பக்கத்தில ஆக்கள் இருக்காயினம். டொக்டரைக் காண மதியம் ஆகும், டொக்டர் பாவம் அவருக்கு முன்னால கொப்பி மலை மாதிரிக் கிடக்கும், எப்பிடி இருக்கிறீங்கள், நித்திரை எப்பிடி, சரி அதே மருந்து. அதுக்குப் பிறகு மருந்துக் கியூ. இந்த மாசம் ஒரு குளிசை இல்லை, வெளியில வாங்குங்கோ எண்டு துண்டைத் தருவினம். 2022இல நாடு விழுந்த நேரம் இந்த "வெளியில வாங்குங்கோ" எத்தினை வீட்டைக் குழப்பினது எண்டு எங்களை மாதிரி ஆக்களுக்குத்தான் தெரியும், காசு குடுத்தும் பார்மசியில இல்லாத மாசம் இருந்தது. வேற வருத்தக்காரர் மருந்து இல்லாட்டி டொக்டரிட்ட ஓடுவினம். எங்கட ஆள் மருந்து இல்லாட்டி சந்தோசப்படுவார், அதுதான் இந்த வருத்தத்தின்ர குணம், தனக்கு வருத்தமில்லை எண்டுதான் அவர் நினைக்கிறார். ஒரு மாசம் தவறும், ரெண்டாம் மாசமும் தவறும், அதுக்குப் பிறகு ஒருநாள் இரவு படலையைத் திறந்துகொண்டு வெளிக்கிட்டிடுவார். பஸ் ஸ்டாண்டில நிக்கிற ஆக்களில பாதிப்பேர் இப்பிடி வெளிக்கிட்டவைதான் எண்டு நினைக்கிறன், கிளினிக்கில பெயர் இருக்கும், கொப்பி இருக்கும், வரேல்லை எண்டு தேடிப்போக ஆள் இருக்காது.

தேடி வந்த காலமும் ஒண்டு இருந்தது. சண்டை முடிஞ்சு சில வருசத்தில ஒரு திட்டக் காசில எங்கட பக்கத்துக்கு ஒரு பிள்ளையைப் போட்டவை, ஏ.எல். படிச்ச பிள்ளை, நேர்ஸுமில்லை ஒண்டுமில்லை, சில கிழமைப் பயிற்சி குடுத்து ஸ்கூட்டியில அனுப்பினவை. முதல் தரம் வந்த நேரம் அண்ணை அறைக்குள்ள போய்ப் பூட்டிக்கொண்டிட்டார். அவா கதவைத் தட்டேல்லை. மாமரத்துக்குக் கீழ வாங்கில இருந்து அம்மாவோட தேத்தண்ணி குடிச்சு, வெண்டிக்காய் விலை கதைச்சிட்டுப் போயிட்டா. அடுத்த முறையும் அப்பிடித்தான். பேந்து ஒருநாள் அண்ணை தானா வெளியில வந்து, "ஏன் பிள்ளை உந்த ஸ்கூட்டி இப்பிடிச் சத்தம் போடுது" எண்டு கேட்டவர். வருத்தம் வரமுந்தி அண்ணை சைக்கிள், மிசின் எல்லாம் கழட்டிப் பூட்டுற ஆள், எங்களுக்கே அது மறந்து போச்சு. அவா ஸ்பானரை எடுத்துக் கையில குடுத்திட்டா.

அந்தப் பிள்ளைதான் கண்டவா, அண்ணையின்ர வாய் சும்மா சப்பிக்கொண்டிருக்கிற மாதிரி ஆடுறதை. நாங்கள் அது பழக்கம் எண்டு விட்டிட்டம். அது பழைய மருந்தின்ர பக்கவிளைவு எண்டு கொப்பியில எழுதி, அடுத்த கிளினிக்கில டொக்டருக்குக் காட்டுங்கோ எண்டு சொன்னவா, மருந்து மாத்தினவை. குளிசையை நாக்குக்குக் கீழ வச்சிட்டு கொல்லைக்குள்ள போய்த் துப்புறதையும் அவாதான் பிடிச்சவா, பிடிச்சிட்டு ஏசேல்லை, குளிசை பிடிக்காட்டி மாசத்துக்கொருக்கா ஊசி போடலாம் அண்ணை எண்டு கேட்டவா, அவரும் ஓம் எண்டிட்டார். அம்மாவின்ர பிறஷரைக்கூட அவாதான் கேட்டுப் பார்க்கச் சொன்னவா. இதுக்கெல்லாம் எம்.பி.பி.எஸ். தேவையில்லை, கண் வேணும், நேரம் வேணும், திரும்பி வாறன் எண்டு சொன்னா வரவேணும். திட்டம் முடிஞ்சுது, பிள்ளைக்குச் சம்பளமில்லை, வேற வேலைக்குப் போயிட்டா. அந்த வருசம் மாரிக்கு அண்ணை திரும்ப வார்ட்டில.

இது என்ர வீட்டுக் கதை மட்டும் எண்டா பேப்பருக்கு எழுதத் தேவையில்லை. இந்தியாவில இதை முறையாச் சோதிச்சுப் பார்த்திருக்கினம், 2014இல லான்செட் எண்ட மருத்துவ இதழில வந்தது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிராவில சதாரா எண்டு மூண்டு இடம், தமிழ்நாட்டில செய்தது சென்னையில இருக்கிற ஸ்கார்ஃப், 1984இல டொக்டர் சாரதா மேனன் துவங்கின நிறுவனம். ஸ்கிசோஃப்ரினியா உள்ள 282 பேரை எடுத்து, 187 பேருக்கு வழமையான கிளினிக்கோட சேர்த்து வீட்டுக்கு ஊர்ப் பணியாளரை அனுப்பினவை, 95 பேருக்கு கிளினிக் மட்டும். பணியாளர் எங்கட பிள்ளை மாதிரித்தான், பள்ளிக்கூடம் படிச்ச சாதாரண ஆக்கள். ஒரு வருசம் பார்த்தவை. முடிவை நான் கூட்டிக் குறைச்சுச் சொல்லமாட்டன், கணக்கு எழுதின கை. நோயின்ர அறிகுறி இருபது சதவீதத்துக்கு மேல குறைஞ்ச ஆக்கள் ரெண்டு பக்கத்திலயும் 51 சதவீதம், வித்தியாசமேயில்லை. ஆனா ஆள் தன்ர வேலையைத் தான் பார்க்கிறாரா, ஆக்களோட பழகிறாரா, வீட்டுக்கு உதவுறாரா எண்டு பார்க்கிற கணக்கில வீட்டுக்குப் போனவையின்ர பக்கம் நல்லா இருந்தது. எல்லாத்திலயும் கூட மாற்றம் வந்தது எங்க தெரியுமோ, தமிழ்நாட்டுக் கிராமப்பக்கத்தில, அங்க நோய் அறிகுறியும் நல்லாக் குறைஞ்சது. டொக்டரும் கிளினிக்கும் எட்டாத இடத்திலதான் இது கூடப் பலன் தரும் எண்டு அவையே எழுதியிருக்கினம். வேலணைக்கும் நெடுந்தீவுக்கும் மருதங்கேணிக்கும் இதைவிடப் பொருத்தமா என்ன வேணும்.

அதே ஸ்கார்ஃப் 2010இலயிருந்து புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பஸ் ஓட்டினது, பஸ்ஸுக்குள்ள ரிவி, மறுபக்கம் சென்னையில டொக்டர், கதைச்சு முடிய அந்த பஸ்ஸிலயே மருந்து. வீடியோவில டொக்டரைக் காட்டுறது பெரிய வித்தையில்லை, இப்ப எல்லா வீட்டிலயும் கனடாவில இருக்கிற பேரப்பிள்ளையைக் காட்டுறம்தானே. மருந்தைக் கையில குடுத்து அனுப்பினதுதான் அதில கெட்டித்தனம்.

எதியோப்பியா எங்களைவிட எவ்வளவோ ஏழை நாடு. அங்கயும் கிராமத்தில 166 பேரைப் பிடிச்சு இதே மாதிரிச் செய்து 2022இல எழுதியிருக்கினம், ஆரம்பச் சுகாதார நிலையத்தில மருந்து, வீட்டுக்கு ஊர்ப் பணியாளர், அங்கயும் ஆள் நடமாடித் தன்ர அலுவலைப் பார்க்கிறது கூடினது. அதோட சேர்த்து ஒண்டு சொல்லவேணும், சிம்பாப்வேயில பாட்டிமாரை வாங்கில இருத்திக் கதைக்க விடுறதைப் பற்றி எல்லாரும் வட்ஸ்அப்பில அனுப்பினம், நல்ல வேலைதான், மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் அது பலன் தந்திருக்கு. ஆனா அண்ணைக்கு இருக்கிற வருத்தம் அது இல்லை. இந்த வருத்தத்துக்குக் கதைச்சா மட்டும் காணாது, மருந்து வேணும், மருந்தோட ஆள் வேணும். கவுன்சிலிங் குடுத்தாச் சரி எண்டு மேடையில கதைக்கிற ஆக்கள் ஒருநாள் எங்கட வீட்டில வந்து நிண்டு பாக்கவேணும்.

கோயிலைப் பற்றியும் எழுதத்தான் வேணும், ஏனெண்டா எங்கட ஆக்கள் முதல் போறது அங்கதான். நாங்களும் போனனாங்கள், சாத்திரம் பார்த்தம், செய்வினை கழிச்சம், நூல் கட்டினம், அதுக்குச் செலவழிச்ச காசில ஒரு கிணறு கட்டியிருக்கலாம். இதுக்கு ஒரு எல்லை இருக்கு. 2001 ஆவணி 6ஆம் திகதி தமிழ்நாட்டில ஏர்வாடியில ஒரு காப்பகக் கொட்டில் எரிஞ்சு 28 பேர் செத்தவை, சங்கிலியால கட்டியிருந்ததால ஓடேலாமச் செத்தவை. 2020இலயும் 60 நாடு மட்டில இப்பிடிக் கட்டி வச்சிருக்கினம் எண்டு ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் அறிக்கை விட்டது. எங்கட பக்கத்தில சங்கிலி எண்டு சொல்லமாட்டினம், பின் அறை எண்டு சொல்லுவினம், ஜன்னலால கோப்பை போகும். ஆனா கோயில் எல்லாம் பொய் எண்டும் நான் சொல்ல வரேல்லை. 2002இல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில ஒரு ஆய்வு வந்தது, தமிழ்நாட்டில ஒரு முத்துசாமி கோயிலில வந்து தங்கின 31 பேரைப் பார்த்தவை, சராசரியா ஆறு கிழமை இருந்தவை, கூட்டிறது செடிக்குத் தண்ணி விடுறது மாதிரிச் சின்னச் சின்ன வேலை, வீட்டு ஆள் ஒருத்தர் கூட இருப்பார், அறிகுறி இருபது சதவீதம் மட்டில குறைஞ்சிருக்கு. ஒப்பிட்டுப் பார்க்க வேற கூட்டம் வைக்கேல்லை, அதால பெரிசாச் சொல்லேலாது. ஆனா எனக்கு அது விளங்குது. சந்நிதி முருகன் கோயிலில மத்தியானம் அன்னதானப் பந்தியில அண்ணையைப் பக்கத்தில இருத்தினா ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டினம், அவரும் சாந்தமா இருந்து சாப்பிடுவார். ஊசியைப் போட்டிட்டு சந்நிதிக்குப் போங்கோ எண்டு எங்கட டொக்டரே சொல்லியிருக்கிறார், முருகனும் கோவிக்கேல்லை.

இப்ப காசுக் கதை. "ஏழை நாட்டுக்கு மலிவான முறை" எண்டு கூட்டங்களில சொல்லேக்க எனக்கு வயிறு எரியும், ஏனெண்டா மலிவா இருக்கிறது ஆரோ ஒரு பொம்பிளை சும்மா செய்யிறதால. ஏழை நாடுகளில இந்த வருத்தம் கெதியாச் சுகமாகுது, குடும்பம் தாங்குது எண்டு 1960, 70களில உலக சுகாதார நிறுவனம் செய்த ஆய்வுகளை வச்சு இப்பவும் பெருமையாக் கதைப்பினம், அதுக்குப் பிறகு எத்தினையோ பேர் அந்த முடிவைக் கேள்வி கேட்டும் இருக்கினம். தாங்கினது குடும்பமில்லை, என்ர அம்மா. அவா ஒரு இரவு முழுசா நித்திரை கொண்டதை நான் காணேல்லை. எனக்குக் கலியாணம் பேசேக்க அண்ணையை சித்தி வீட்டுக்கு அனுப்பி வச்சவை, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வந்து ரெண்டு சம்பந்தம் குழம்பினது, அது பழைய கதை, விடுங்கோ. லண்டனில இருக்கிற தம்பி காசு அனுப்புறான், நல்ல பெடியன், ஆனா காசு வந்து இரவில படலையைப் பூட்டாது. தாய் தகப்பன் போனாப்பிறகு இவையை ஆர் பார்க்கிறது எண்டு ஒருக்கா எண்டாலும் யோசிச்சிருக்கினமோ? சண்டையில குடும்பத்தையே இழந்த வருத்தக்காரர் வன்னியில எத்தினை பேர், அவைக்கு "குடும்பம் தாங்கும்" எண்டு எப்பிடிச் சொல்லுறது.

ஆக, சும்மா செய்யச் சொல்லாமச் சம்பளத்துக்குச் செய்யச் சொல்லுங்கோ, அப்பவும் மலிவுதான். உலகத்தில 300 பேரில ஒருத்தருக்கு ஸ்கிசோஃப்ரினியா எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுற கணக்கை வச்சுப் பார்த்தா, 2012 குடிசன மதிப்பில ஐந்து லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல சனம் இருந்த யாழ் மாவட்டத்துக்கு ரெண்டாயிரம் பேருக்குக் கிட்ட வரும். ஒரு பணியாளர் நாற்பது வீடு பார்ப்பா எண்டு வைப்பம், ஐம்பது பணியாளர். 15 பிரதேச செயலகத்துக்கும் பிரிச்சா ஒண்டுக்கு மூண்டு, நாலு பேர். எல்லா வீட்டுக்கும் கிழமைக்குக் கிழமை போகவும் தேவையில்லை, நல்லா இருக்கிற ஆளை மாசத்துக்கொருக்கா எட்டிப் பார்த்தாக் காணும். இது நான் கொப்பியில போட்ட தோராயக் கணக்கு, சுகாதாரத் திணைக்களம் சரியான கணக்குப் போடட்டும். ஆனா ஐம்பது பேரின்ர சம்பளமும் பெற்றோல் காசும், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின்ர அத்திவாரத்துக்கும் காணுமோ தெரியாது.

இலங்கைக்கு இது தெரியாத வேலையும் இல்லை. குடும்பநல மாது சைக்கிளில வந்து கர்ப்பிணியைப் பதிஞ்சு, வரேல்லை எண்டா வீட்டை தேடிப் போய், தடுப்பூசி அட்டையைப் பார்த்து, இப்பிடித்தான் இந்த நாட்டில தாய் சேய் மரணம் பக்கத்து நாடுகளைவிட எவ்வளவோ குறைஞ்சது. மலேரியாவை வீடு வீடாப் போய் இரத்தம் எடுத்தும்தான் ஒழிச்சவை, 2016இல மலேரியா இல்லாத நாடு எண்டு சேர்ட்டிபிக்கட் கிடைச்சது, வன்னிக் காட்டில மலேரியா இல்லை எண்டு எங்கட பாட்டா கேட்டிருந்தா நம்பியிருக்கமாட்டார். சுனாமிக்குப் பிறகு 2005இல வந்த உளநலக் கொள்கையும் மாவட்டம் மாவட்டமா, ஊர் மட்டத்தில எண்டுதான் எழுதினது, உளநல வைத்திய அதிகாரிமாரைப் பயிற்றிப் போட்டதும் அந்தக் காலத்திலதான், நல்லா வேலை செய்யினம். ஊருக்குள்ள நடக்கிற ஆளைத்தான் எப்பவும் திட்டக் காசில போடுறது, திட்டம் முடிய ஆளும் முடிஞ்சுது. அதுக்காக இந்த வேலையைக் குடும்பநல மாதுவின்ர தலையில கட்டவும் வேண்டாம், அவாவின்ர கையில இருக்கிற றெஜிஸ்டரே காணும். இது தனி ஆள், தனி நியமனம், ஓய்வூதியத்தோட.

அந்த ஆளின்ர கையில வெறும் கொப்பியைக் குடுத்தும் சரிவராது. மாச ஊசியை ஊருக்குக் கிட்ட இருக்கிற பிரதேச வைத்தியசாலையில போடலாம், அதுக்கு ஒரு நேர்ஸும் பிரிட்ஜ் கூடத் தேவையில்லாத ஊசி மருந்தும்தான் வேணும், ஆளை நாற்பது கிலோமீற்றர் இழுக்கத் தேவையில்லை. இந்த வருத்தத்துக்குக் குடுக்கிற குளோசபின் எண்ட மருந்து குடிக்கிற ஆக்களுக்கு முதல் 18 கிழமையும் கிழமைக்குக் கிழமை இரத்தம் பார்க்கவேணும், ஒவ்வொரு முறையும் ஓட்டோ பிடிச்சுப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தா கூலி வேலை செய்யிற தகப்பன் எத்தினை நாள் சம்பளத்தை விடுறது, அதுக்காகவே நல்ல மருந்து இருந்தும் துவங்காம விட்ட வீடு எனக்குத் தெரியும். இரத்தத்தை ஊரில எடுத்து அனுப்பலாம்தானே. சீனியும் பிறஷரும் பார்க்கவேணும், கடுமையான மனநோய் உள்ள ஆக்கள் மற்றவையைவிட 10 முதல் 20 வருசம் முந்திச் சாகினம், கனபேர் இருதய வருத்தத்திலயும் நீரிழிவிலயும்தான், ஆனா நெஞ்சு நோகுது எண்டு அண்ணை சொன்னா அதையும் மனநோயின்ர கணக்கில எழுதிப்போடுவினம். அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக் காசுக்கு ஃபோம் நிரப்பிக் குடுக்கவும் அந்த ஆள் வேணும், ஒரு அலுவலகத்தில எங்களுக்குச் சொன்னவை "கை கால் நல்லாத்தானே இருக்கு" எண்டு, அண்ணையும் ஓம் எண்டு கையைத் தூக்கிக் காட்டினவர்.

கடிதம் எழுதின அந்தக் கடைக்காரச் சகோதரருக்கு ஒரு சொல்லு. ஆஸ்பத்திரி கட்டுமட்டும் காத்திருக்காதேங்கோ. வாசலில நிக்கிற ஆளுக்குத் தண்ணி ஊத்திக் கலைக்காம, ஒரு பிளேன்ரீ குடுத்து எந்த ஊர், ஆர் பிள்ளை எண்டு கேளுங்கோ, சேர்ட் பொக்கற்றில சில நேரம் கிளினிக் துண்டு இருக்கும். விதானையாருக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ சொல்லுங்கோ, 1926 எண்ட தேசிய உளநல நிறுவனத்தின்ர இலக்கத்துக்கும் அடிக்கலாம். ஆரோ ஒரு தாய் எங்கயோ தேடிக்கொண்டிருப்பா, எங்கட அம்மா தேடின மாதிரி.

ஆசிரியர் ஐயா, உங்களிட்ட ஒரு உதவி. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு உங்கட நிருபர் போறவர்தானே. ஊர் மட்ட உளநலப் பணியாளருக்கு யாழ் மாவட்டத்தில அனுமதிச்ச ஆளணி எத்தினை, இப்ப வேலையில இருக்கிறது எத்தினை, அதில நிரந்தரம் எத்தினை, மாச ஊசி எந்தெந்தப் பிரதேச வைத்தியசாலையில போடலாம், போன வருசம் எத்தினை மாசம் அந்த ஊசி கையிருப்பில இல்லாமப் போனது, கிளினிக்குக்கு மூண்டு மாசம் வராத ஆக்களின்ர பட்டியல் ஆரிட்ட இருக்கு, அதைப் பார்த்து வீட்டுக்குப் போறது ஆற்ற வேலை எண்டு கேக்கச் சொல்லுங்கோ. பதில் வந்தா முன்பக்கத்தில வேண்டாம், உள்பக்கத்தில போட்டாலும் நாங்கள் தேடி வாசிப்பம்.

இப்படிக்கு,
வடமராட்சியிலிருந்து ஒரு வாசகி
(பெயரைப் போடாதேங்கோ, அண்ணையும் உங்கட பேப்பர் வாசிக்கிறவர்)